கொழும்பில் ஒரு மொரிஸ் மைனரை மீட்டெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

பழைய காரைத் திருத்தத் தொடங்கி இடைநடுவில் கைவிட்டவர்களின் கராஜ்களை எட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே காட்சிதான். பெயின்ட் பளபளக்கும், ஆசனங்களுக்குப் புதிய உறை போட்டிருக்கும். ஆனால் பிரேக் பிடிக்காது, எஞ்சின் துண்டு துண்டாகப் பெட்டிகளில் கிடக்கும், பதிவுப் புத்தகம் இன்னமும் முன்னைய உரிமையாளரின் பெயரிலேயே இருக்கும். அவர்கள் கைவேலையில் குறைந்தவர்கள் அல்லர். பின்னால் செய்யவேண்டியதை முன்னால் செய்தார்கள், அவ்வளவுதான். ஆகவே இந்த வழிகாட்டி வேலையின் வரிசையைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

உதாரணத்துக்கு மொரிஸ் மைனரை எடுத்துக்கொள்கிறேன். அமைப்பு எளியது, பாகங்கள் கிடைக்கின்றன, அதைக் கைபார்க்கத் தெரிந்த பாஸ்மார், அதாவது பட்டறைக் கைவினைஞர்கள், கொழும்பில் இன்னமும் இருக்கிறார்கள். ஒஸ்டின் ஏ40, ஹில்மன் மிங்ஸ், பியூஜோ 203, ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்போரும் இதே வரிசையைப் பின்பற்றலாம். அளவுகளும் உறுப்புகளும் வண்டிக்கு வண்டி வேறுபடும்.

1. எதைக் காப்பாற்றுவது என்று தீர்மானித்தல்

ஸ்பானரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதவேண்டிய கேள்வி இது: இந்தக் காரைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிலைக்குக் கொண்டுபோகப் போகிறேனா, அல்லது இலங்கையில் அது வாழ்ந்த வாழ்க்கையையும் சேர்த்து வைத்திருக்கப் போகிறேனா? இரண்டும் ஏற்கத்தக்கவை. ஆனால் பாதி வழியில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறினால் செய்த வேலையைப் பிரித்துத் திரும்பவும் செய்யவேண்டி வரும்.

பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனமான ஃபீவா 2012இல் இத்தாலியின் டூரின் நகரில் ஏற்றுக்கொண்ட சாசனம் இந்தத் தீர்மானத்துக்கு நல்ல அளவுகோல். குறைந்தபட்சம் 30 ஆண்டு கடந்த, வரலாற்று ரீதியாகச் சரியான நிலையில் பேணப்படும் வாகனங்களையே அந்த அமைப்பு மரபு வாகனம் என்று கொள்கிறது. தேவைக்கு மேல் கைவைக்காதே, செய்த மாற்றத்தைத் திரும்பக் கழற்றக்கூடியதாகச் செய், புதிதாகச் செய்த பாகத்தை அடையாளம் காணத்தக்கதாக வை, எல்லாவற்றையும் எழுதிவை என்பதே சாசனத்தின் சாரம்.

நமது வண்டிகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. 1960களிலும் 70களிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தபோது, வெளியிலிருந்து பாகம் வராத நிலையில், இங்குள்ள லேத் பட்டறைகள் பித்தளையில் புஷ் கடைந்து போட்டன. தகட்டு வேலை செய்யும் டிங்கர் பாஸ்மார் கையால் அடித்தே மட்காட் செய்தார்கள். புதியவர்கள் இவற்றை ‘ஒரிஜினல் அல்ல’ என்று கழற்றி எறிகிறார்கள். என் கருத்தில் இது பெரிய இழப்பு. ஒக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த பாகத்தை இன்றும் காசு கொடுத்து வாங்கலாம். அந்தக் கையடி மட்காட்டை எங்கும் வாங்க முடியாது. பாதுகாப்பைப் பாதிக்காத உள்ளூர் வேலையை வண்டியிலேயே விடுங்கள். பாதிப்பதானால் மாற்றிவிட்டு, கழற்றியதைப் பெயரெழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

2. பணம் கைமாறுவதற்கு முன் பத்திரங்கள்

காரை விடப் பதிவுப் புத்தகத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும். சேசிஸ் இலக்கம், எஞ்சின் இலக்கம், நிறம் ஆகியவற்றைப் புத்தகத்திலும் வண்டியிலும் ஒப்பிடுங்கள். வண்டியில் இந்த இலக்கங்கள் பொறித்த இடத்தின் மீது மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். கண்ணால் பார்த்து எழுதும்போது 3உம் 8உம் மாறிவிடும், தேய்த்த தாள் பொய் சொல்லாது.

எஞ்சின் இலக்கம் பொருந்தாமலிருப்பது நம்மிடையே சாதாரணம், ஏனெனில் டட்சன் எஞ்சின் ஏற்றிய மைனர்கள் கொழும்பில் நிறைய உண்டு. மாற்றம் புத்தகத்தில் ஏறியிருந்தால் பிரச்சினை இல்லை. ஏறாவிட்டால், நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதை விற்பவரே நேராக்கித் தரவேண்டும் என்று பேசுங்கள். காசு கொடுத்த பிறகு அந்த அலைச்சல் உங்களுடையதாகிவிடும்.

கையொப்பமிட்ட படிவத்துடன் பெயர் மாற்றாமலே கைமாறும் ‘ஓபன் பேப்பர்’ வண்டி மலிவாகத் தெரியும். பதிவிலுள்ளவர் காலமாகியோ நாட்டை விட்டுப் போயோ இருந்தால், வாரிசுகளைத் தேடிச் சட்டத்தரணி மூலம் தீர்க்கும் செலவு வண்டியின் விலையை மிஞ்சலாம். பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற வண்டியானால், வருமான உத்தரவுப் பத்திரம் எந்த ஆண்டோடு நின்றது என்று பார்த்து, அந்த இடைவெளிக்கு என்ன செய்யவேண்டும் என்பதைப் பிரதேச செயலகத்தில் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டியின் பதிவு இலக்கத் தகடும் ஒரு சாட்சி. ‘ஸ்ரீ’ தகடு 1958இல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஒற்றைச் சிங்கள எழுத்து எத்தகைய எதிர்ப்பைக் கிளப்பியது என்பதைத் தமிழ் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்கு முற்பட்டவை ஆங்கில எழுத்துகளுடன் வந்தன. ஆகவே இரண்டு துண்டுக் கண்ணாடி கொண்ட, 1956க்கு முந்திய ஒரு மைனர் ‘ஸ்ரீ’ தகட்டுடன் நின்றால், அது எப்போது, எப்படிப் பதிவானது என்று கேட்பது நியாயம். பழைய தகட்டை உருக்கிப் புதிது போடச் சொல்பவரின் பேச்சை மட்டும் கேட்கவேண்டாம்.

வண்டியின் பிறப்பை அறிய இன்னொரு வழி உண்டு. இங்கிலாந்தின் கேய்டனிலுள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம், பதிவேடுகள் தப்பியிருக்கும் வண்டிகளுக்கு, உற்பத்தித் திகதி, முதல் நிறம், அனுப்பப்பட்ட இடம் ஆகியவற்றைக் கொண்ட சான்றிதழை கட்டணத்துக்கு வழங்குகிறது. பெயின்டின் நிறத்தை முடிவுசெய்ய இது உதவும் என்பதால், விண்ணப்பத்தை இப்போதே அனுப்பிவிடுங்கள். காலிமுகத்திடல் ஹோட்டலில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் 1935 ஸ்டாண்டர்ட் நைன், இளவரசர் பிலிப் 12 பவுணுக்கு வாங்கியது என்பதனால்தான் அங்கே நிற்கிறது. யாருடைய கையில் இருந்தது என்ற பதிவு இல்லையென்றால் அது இன்னுமொரு பழைய கார்தான்.

3. இடம், பருவம், கருவி, பணம்

கூரையும் சீமெந்துத் தரையும் உள்ள இடம் கட்டாயம். தார்ப்பாயால் மூடிய வண்டி திறந்து நிற்கும் வண்டியை விட வேகமாகக் கறள் பிடிக்கும், ஏனெனில் உள்ளே போன ஈரம் வெளியேறாது. வெள்ளவத்தை, தெஹிவளை, கொள்ளுப்பிட்டி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று சுரண்டிய தகட்டை ஓர் இரவிலேயே செம்மஞ்சளாக்கிவிடும். முடிந்தால் தகட்டு வேலையையாவது உள்ளே தள்ளிய ஓர் இடத்தில் செய்விப்பது நல்லது.

பருவத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். பெயின்ட் அடிக்க உகந்தது ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட காலம். அப்படியானால் தகட்டு வேலை டிசெம்பருக்குள் முடிந்திருக்கவேண்டும். அதற்கு, தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி தொடங்கும் மே மாதத்தளவில் வண்டி கூரைக்குள் வந்து, கழற்றும் வேலை நடந்துகொண்டிருக்கவேண்டும். மழைக்காலத்தில் கழற்றலாம், எஞ்சின் பார்க்கலாம், பாகம் தேடலாம். பெயின்ட் மட்டும் காத்திருக்கட்டும்.

ஏ சீரிஸ் எஞ்சின் பொருத்திய மைனர்களில் நட்டுகள் பெரும்பாலும் ஏ.எஃப். அளவிலானவை, அதாவது நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கிடையிலான தூரத்தை அங்குலத்தில் சொல்லும் முறை. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். 13 மில்லிமீற்றர் ஸ்பானர் ‘ஏறக்குறைய’ பொருந்தும், இறுகிய நட்டின் தலையை உருட்டிவிடும். புதியவர்கள் முதல் வாரத்தில் செய்யும் சேதம் பெரும்பாலும் இதுதான். ஏ.எஃப். செட் ஒன்று, தூக்கிய வண்டியை நிறுத்தி வைக்க நான்கு உறுதியான தாங்கிகள், டோர்க் ஸ்பானர், கிறீஸ் கன், வண்டிக்கான பழைய வேர்க்‌ஷொப் மனுவல் ஆகியவை முதல் நாளிலேயே கையில் இருக்கட்டும். ஜக் மீது மட்டும் நிற்கும் வண்டிக்குக் கீழே ஒருபோதும் படுக்கவேண்டாம்.

டிங்கர் பாஸுக்கு மொத்தத் தொகையை ஒரேயடியாகக் கொடுக்கவேண்டாம். அடித்தளம், இடது பக்கம், வலது பக்கம், கதவுகள் என்று பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்து, நீங்கள் பெயின்டுக்கு முன் கண்ணால் பார்த்த பின் கொடுங்கள். மரியாதையாக முதலிலேயே இதைப் பேசிக்கொண்டால் நல்ல பாஸ் யாரும் முகம் சுளிக்கமாட்டார்.

4. கழற்றுவதற்கு முன் பரிசோதனை

மைனருக்குத் தனிச் சேசிஸ் இல்லை. உடலே அதன் எலும்பு. ஆகவே வெளித்தகட்டில் தெரியும் கறளைப் பற்றிக் கவலைப்படாமல், எடையைத் தாங்கும் இடங்களைத் தேடுங்கள்: பின் ஸ்பிரிங் தொங்கும் இடங்கள், முன் ஆசனத்துக்குக் கீழே குறுக்காக ஓடும் கிறொஸ் மெம்பர், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் பெட்டிகள், முன்சில்லுக்குப் பின்னாலுள்ள உட்சுவர்கள்.

துணி சுற்றிய சிறு காந்தத்தை வெளித்தகட்டில் நகர்த்துங்கள். பிடிக்காத இடத்தில் பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி தடிப்பாக இருக்கிறது. அடிப்பகுதியில் திருப்புளியின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு ‘ணங்’ என்று ஒலிக்கும், கறள் தின்றது மந்தமாக ஒலிக்கும். கிறொஸ் மெம்பரில் திருப்புளி உள்ளே இறங்குமானால் அந்த வண்டியை வேறு கண்ணால் பார்க்கவேண்டும். இறங்காவிட்டாலும் அங்கே தார் பூசியிருந்தால் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். தார் பூசுவதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

பிறகு கதவைத் திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள். கீல் தேய்ந்திருந்தால் கதவு மட்டும் ஆடும். கீல் சரியாக இருந்தும் மூடும்போது பின்விளிம்பு சட்டத்தில் இடித்தால், உடல் நடுவில் தாழ்ந்திருக்கிறது.

நெடுங்காலம் நின்ற எஞ்சினைச் சாவி போட்டுச் சுழற்றவேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சைலண்டரிலும் கொஞ்சம் ஒயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, கைப்பிடியால் மெதுவாகச் சுழற்றுங்கள். ஸ்டார்ட்டரின் பலத்தால் சுழற்றினால் ஒட்டிக்கொண்ட பிஸ்டன் ரிங் உடைந்து சைலண்டரைக் கீறும். தாராளமாகச் சுழன்றால் கொம்பிரெஷன் எடுங்கள், அதாவது ஒவ்வொரு சைலண்டரின் அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். நான்கு சைலண்டரும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கின்றனவா என்பதே முக்கியம். குறைந்த சைலண்டரில் ஒரு கரண்டி ஒயில் விட்டு மீண்டும் எடுக்கும்போது ஏறினால் பழுது ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில்.

5. கழற்றும் வரிசை

முதலில் படம் எடுப்பது. முழுப் பொனட்டின் ஒரு படம் போதாது. ஒவ்வொரு வயர் முனையும், ஒவ்வொரு குழாயின் வளைவும், ஒவ்வொரு வோஷரின் வரிசையும் தெரியவேண்டும். அருகில் ஒரு துண்டுத் தாளில் இடத்தின் பெயரை எழுதி வைத்து, அதையும் சேர்த்தே படம் எடுங்கள். மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் பார்க்கும்போது எது இடது, எது வலது என்று தெரியாமல் போகும்.

நட்டு, போல்ட் எல்லாவற்றையும் ஒரே வாளியில் போடுவது வழமையான பிழை. பொருத்திய இடத்திலேயே நட்டைத் திரும்பக் கையால் முறுக்கி வைக்க முடியுமானால் அதுவே மிகச் சிறந்த பெட்டி. முடியாதவற்றைத் தனித்தனிப் பையில் இட்டு எழுதுங்கள்.

ஆசனம், தரைவிரிப்பு, கண்ணாடி, குரோம், எஞ்சின், கியர்பொக்ஸ் என்ற வரிசையில் கழற்றலாம். கதவுகளை மட்டும் கடைசிவரை விட்டுவையுங்கள். தகட்டு வேலை முழுவதிலும் உடல் நேராக இருக்கிறதா என்று சொல்லும் அளவுகோல் அந்தக் கதவுகள்தான்.

6. தகட்டு வேலை

பணமும் பொறுமையும் அதிகம் கரையும் கட்டம் இது. அவசரப்பட்டால் வேறெந்தக் கட்டத்தையும் விட அதிகம் கெடுவதும் இதுவே.

வெட்டுவதற்கு முன் உடலைப் பிணைக்கவேண்டும். கதவுச் சட்டத்தின் முன்தூணிலிருந்து பின்தூணுக்கும், இடதுபக்கத்திலிருந்து வலதுபக்கத்துக்கும் இரும்புப் பெட்டிக்குழாயைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து ஒட்டுங்கள். கதவு திறந்து மூடக்கூடியவாறு உள்பக்கமாக ஒட்டுவது கெட்டிக்காரத்தனம். அதன் பிறகு தாங்கிகளை எடை சமமாகப் பரவும்படி வையுங்கள். இவை இல்லாமல் சில் பெட்டியை வெட்டினால் வண்டி நடுவில் மெல்லத் தாழும். தாழ்ந்த நிலையிலேயே புதிய சில் பெட்டியை ஒட்டிவிட்டால் அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். பெயின்ட் எல்லாம் முடிந்து கதவு மாட்டும் நாளில்தான் அது தெரியவரும். அப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை.

வரிசை இது: பின் ஸ்பிரிங் தாங்கிகள், கிறொஸ் மெம்பர், ஒரு பக்கத்துச் சில் பெட்டி, அந்தப் பக்கத்துத் தரை, அதன் பின்னரே மறுபக்கம். ஒரு பக்கம் முழுமையாக முடியாமல் அடுத்ததைத் தொடக்கூடாது, ஏனெனில் தொடாத பக்கம்தான் தொடும் பக்கத்தை நேராகப் பிடித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னும் கதவை மூடி, சுற்றிலுமுள்ள இடைவெளியைப் பாருங்கள்.

தகட்டைப் பழைய சோனகத் தெருவிலோ அதன் சுற்றுவட்டாரத்திலோ வாங்கலாம். வெளித்தகட்டுக்கு ஒரு மில்லிமீற்றரளவு தடிப்பும், எடை தாங்கும் பகுதிகளுக்கு அதைவிடத் தடித்ததும் வேண்டும். நாக முலாம் பூசிய தகரத்தைப் பழைய கறளின் மேல் வைத்து ரிவெட் அடித்துப் பட்டி பூசுவது நம்மூரில் பழகிப்போன குறுக்குவழி. அந்தத் தகரம் எடையைத் தாங்காது. அடியில் கறள் தொடர்ந்து தின்னும். ஒட்டும்போது கிளம்பும் வெண்புகை ஒட்டுபவரின் நெஞ்சுக்குக் கேடு. கறள் தின்றதை நல்ல தகடு வரும்வரை வெட்டி நீக்கி, விளிம்போடு விளிம்பாக ஒட்டுவதே முறை.

கேஸ் சுவாலையால் ஒட்டுவது நன்றா, மின்சாரத்தால் கம்பியை உருக்கி ஒட்டும் மிக் முறை நன்றா என்று கேட்பார்கள். கேஸில் கைதேர்ந்த பழைய பாஸ் ஒருவர் மிக் துப்பாக்கி பிடித்த இளைஞரை விட அழகாகச் செய்வார். ஆனால் கேஸின் சூடு அகலமாகப் பரவுவதால் தட்டையான தகடு நெளியும்; கதவின் அகன்ற வெளித்தகட்டுக்கு மிக்கைத் தேர்ந்தெடுப்பேன். எதுவானாலும் நீளமாக ஒரே இழுப்பில் ஒட்டாமல், தூரத்தூரப் புள்ளிகளாக வைத்து, ஆறவிட்டு, இடைவெளியை நிரப்பவேண்டும்.

ஆயத்தமாகச் செய்யப்பட்ட தகடுகளும் கிடைக்கும். இங்கிலாந்திலுள்ள மைனர்களுக்கான உடற்தகடுகள் ஒரு காலத்தில் இலங்கையிலேயே செய்யப்பட்டு அங்கே அனுப்பப்பட்டன என்பது பலருக்குத் தெரியாது. கப்பல் செலவு கொடுத்து வெளியிலிருந்து தருவிப்பதற்கு முன், உள்ளூரில் விசாரிப்பது நல்லது.

புதிதாக வைத்த தகட்டின் உள்பக்கத்தில், பெயின்டுக்கு அடியிலும் தெரியும்படி, ஆண்டைச் சிறிய உளியால் பொறிக்கச் சொல்லுங்கள். டூரின் சாசனம் கேட்பது இதைத்தான். நாளை இன்னொருவர் திறந்து பார்க்கும்போது எது பழையது, எது நம்முடையது என்று அவருக்குத் தெரியவேண்டும்.

சுரண்டிய தகட்டை அன்று மாலைக்குள் எபொக்சி பிரைமரால் மூடிவிடுங்கள். சாம்பல் நிறச் சாதாரண பிரைமர் நீரை உறிஞ்சும். அந்த நிறத்தில் மாதக்கணக்கில் மழைச்சாரலில் நின்ற வண்டியின் உள்ளே கறள் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. சில் பெட்டியின் அடியிலுள்ள நீர்வடியும் துளைகளை ஒட்டியோ பட்டியாலோ அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைத்துவிட்டுப் போகும் பாஸ்மாரே அதிகம்.

7. பிரேக்கும் முன்சில்லும்

முன் சஸ்பென்ஷனைக் கழற்றும் வேளையிலேயே, பிரேக் மிதியின் அழுத்தத்தை ஒயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரையும் வெளியே எடுங்கள். மைனரில் அது சாரதியின் காலடித் தரைக்குக் கீழே, உடற்சட்டத்துக்குள் புதைந்திருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டை உருவ, முன் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டோர்ஷன் பார் வழிவிடாது. இதை அறியாதவர் சஸ்பென்ஷனை மாட்டி முடித்த பின் மாஸ்டர் சிலிண்டருக்காக எல்லாவற்றையும் மறுபடி கழற்றுவார்.

முன்சில்லைத் தாங்கும் ட்ரனியன் மைனரின் பலவீனம். மரையோடு சுழலும் இந்த உறுப்புக்கு கிறீஸ் கிடைக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் கழன்று, சில்லு மடிந்து வண்டி தரையில் உட்காரும். தேய்ந்ததை உருக்கி ஒட்டிச் சரிசெய்யலாம் என்று யார் சொன்னாலும் ஏற்கவேண்டாம், புதிதுதான் போடவேண்டும். உள்ளூர்ப் பழைய வேலையைக் காப்பாற்றச் சொன்ன நான் இங்கே மட்டும் இரக்கம் காட்டமாட்டேன்.

பிரேக்கின் இறப்பர்கள், ஹோஸ்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுங்கள். புதிய இறப்பரை பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவது கராஜ்களில் நாளாந்தம் நடக்கும் பிழை. இறப்பர் ஊதிப் பெருத்து, பிரேக் பிடித்தது விடாது. பிரேக் ஒயிலாலேயே கழுவவேண்டும். அந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கொழும்பின் ஈரக்காற்றில், திறந்து வைத்த போத்தலை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளவேண்டாம்.

8. எஞ்சின்

பெயின்டுக்கு முன்பே எஞ்சினை ஓட்டிப் பார்த்துவிடவேண்டும். புதிய பெயின்டின் மேல் எஞ்சினைத் தூக்கி இறக்கிப் பழுது பார்ப்பது இரண்டையும் கெடுக்கும்.

சைலண்டர் தலையைத் திறந்தால், வெளியேறும் வால்வுகளுக்குக் கடினமான சீட் போடச் சொல்லுங்கள். இந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. ஈயம் இல்லாதபோது மென்மையான சீட்டை வால்வு அடித்து உள்ளே இறங்கும். 92 ஒக்டேன் இதற்குப் போதும், 95க்குக் காசைச் செலவழிக்கவேண்டாம்.

எஞ்சின் நீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் சூடு குறையும் என்பது நம் மெக்கானிக்குகளின் நெடுநாள் நம்பிக்கை. சூடேறுவதன் உண்மையான காரணம் பெரும்பாலும் அடைபட்ட ரேடியேட்டரும், சைலண்டர் பிளொக்கின் பின்பக்கத்தில் படிந்த சேறுமே. இரண்டையும் எதிர்த்திசையில் நீர் பாய்ச்சிக் கழுவி, புதிய தேர்மோஸ்டாட் போடுங்கள். கடலோரக் கிணறுகளின் உவர்நீரை ரேடியேட்டருக்கு ஊற்றவேண்டாம். காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் போதுமானவை.

அளவுகள்: வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கையில் 0.012 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பொயின்ட்டின் இடைவெளி 0.015 அங்குல அளவில், பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம். எஸ்.யூ. காபரேட்டரை இறுதியாகச் சரிசெய்யுங்கள். வால்வும் பொயின்ட்டும் நேராகாமல் காபரேட்டரைத் திருகுவோர் நாள்முழுதும் திருகுவர்.

9. வயரிங்

மைனரில் பற்றரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வண்டிகளுக்கு நேரெதிர். புதிய பற்றரியைப் பழக்கத்தில் மாற்றி இணைப்பது அடிக்கடி நடக்கிறது. பின்னர் பூட்டிய ரேடியோ புகைந்துவிடும். பற்றரித் தட்டின் அருகிலேயே சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

முழுவதையும் ஒரே நிற வயரில் இழுத்துத் தருவதாகச் சொல்பவரிடம் கொடுக்கவேண்டாம். மின்னுறுப்புகளைச் செய்த லூக்காஸ் நிறுவனத்தின் நிறமுறைக்கு அர்த்தம் உண்டு: பழுப்பு எப்போதும் மின்னோட்டம் உள்ளது, வெள்ளை சாவி போட்டபின் வருவது, பச்சை அதே மின்னோட்டம் ஃபியூஸ் தாண்டியது, நீலம் தலைவிளக்கு, சிவப்பு பக்கவிளக்கு, கறுப்பு உடலோடு சேர்வது. இந்த நிறங்கள் இருந்தால் இரவு நேரத்தில் வீதியோரத்தில் நின்றும் பழுதைக் கண்டுபிடிக்கலாம். கதவுத் தூணிலிருந்து கைபோல் நீண்டு திரும்பும் பக்கத்தைக் காட்டும் பழைய ட்ரஃபிகேட்டர் இருந்தால் அகற்றவேண்டாம். இன்றைய சாரதிகள் அதைக் கவனிக்கமாட்டார்கள் என்பதால், உடலில் புதுத் துளை போடாமல், பக்கவிளக்குக்குள்ளேயே மின்னும் பல்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

10. பெயின்ட்

முதல் நிறத்தைத் தேட டாஷ்போர்டின் உள்பக்கத்தையும், பின் ஆசனத்துக்குப் பின்னாலுள்ள தகட்டையும் பாருங்கள். மறுபடி பெயின்ட் அடித்தவர்கள் பெரும்பாலும் அங்கே கைவைத்திருக்கமாட்டார்கள். தேர்ந்தெடுக்கும் நிறம் பதிவுப் புத்தகத்திலுள்ளதிலிருந்து வேறுபட்டால் அதைத் திணைக்களத்தில் மாற்றிப் பதியவேண்டும்.

செல்லுலோஸ் பெயின்ட் பழைய வண்டியின் மென்மையான மினுக்கத்தைத் தரும். ஆனால் காற்றில் ஈரம் அதிகமானால் மேற்பரப்பு வெண்மூடலாகிவிடும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் அடிக்கச் சம்மதிக்கவேண்டாம். காலை வெயில் ஏறியபின் அடிக்கட்டும். கடினமாக்கி கலக்கும் இன்றைய பெயின்ட் நீடித்திருக்கும், ஆனால் அதன் ஆவி நுரையீரலுக்கு ஆபத்தானது. துணியைக் கட்டிக்கொண்டு அடிக்கும் பாஸுக்கு உரிய முகமூடியை நீங்களே வாங்கிக்கொடுங்கள். பெயின்ட் காய்ந்தபின் சில் பெட்டிக்குள்ளும் கதவுகளின் அடியிலும் மெழுகைப் பீய்ச்சவேண்டும். இதை முன்னால் செய்தால் மெழுகு கசிந்து பெயின்ட் ஒட்டாது.

11. கண்ணாடி, குஷன், குரோம்

வயரிங், கூரைத்துணி, கண்ணாடி, ஆசனம் என்ற வரிசையைக் காத்தால் போதும். குஷன் கடைக்குப் பழைய உறையைக் கிழிக்காமல் கொடுங்கள், அதுவே புதியதற்கு அச்சு. குரோம் ஏற்றக் கொடுக்கும் ஒவ்வொரு துண்டையும் படம் எடுத்து எண்ணிக் கொடுங்கள். முலாம் பட்டறைகளில் சிறிய துண்டுகள் காணாமல் போவது வழமை. சிறு கைப்பிடி, விளக்கு வளையம் போன்றவற்றைப் பஞ்சிகாவத்தையில் தேடும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். பெயரைச் சொன்னால் கடைக்காரர் ‘இல்லை’ என்பார்; பொருளைக் காட்டினால் உள்ளே போய்த் தேடுவார்.

12. வீதியில் இறக்குதல்

ஞாயிறு விடியற்காலையில், நெரிசலில்லாத பத்தரமுல்லைப் பக்கத்து அகன்ற வீதிகளில் தொடங்குங்கள். முதல் ஓட்டத்தில் பிரேக் மட்டும்: மெதுவாக ஓட்டி, நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் விடவில்லை. எஞ்சின் சூட்டையும் ஒயில் கசிவையும் அடுத்த ஓட்டத்தில் பார்க்கலாம். சைலண்டர் தலையைத் திறந்திருந்தால், சில நூறு மைல்களுக்குப் பின் அதன் நட்டுகளை மனுவல் சொல்லும் வரிசையில் மீண்டும் இறுக்கி, வால்வு இடைவெளியைத் திரும்பப் பாருங்கள். இறுக்கும்போது இடைவெளி மாறியிருக்கும்.

பற்றுச்சீட்டுகள், படங்கள், தேய்த்தெடுத்த இலக்கப் பிரதி, கழற்றிய உள்ளூர்ப் பாகங்களின் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் இட்டு வீட்டில் வையுங்கள். சந்தைப் பெறுமதிக்கு அப்பால் ஒரு தொகையைக் காப்புறுதி நிறுவனத்துடன் பேச வேண்டுமானால் இந்தக் கோப்பைத்தான் அவர்கள் கேட்பார்கள்.

ஆயிரம் மைலுக்கு ஒருமுறை ட்ரனியன்களுக்கு கிறீஸ் அடியுங்கள். முன்சில்லை ஜக்கில் தூக்கி, வண்டியின் எடை அதன் மீது இல்லாத நிலையில் அடித்தால்தான் கிறீஸ் மரைக்குள் போகும், பழைய கறுப்புக் கிறீஸ் விளிம்பால் வெளியே வரும்வரை அடிக்கவேண்டும். மரைன் டிரைவிலோ காலிமுகத்திடலிலோ நிறுத்திவிட்டு வந்த நாளில் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவி, உலர்ந்தபின் உள்ளே தள்ளுங்கள்.